எட்டுக்கால் முசேயும் மரகதத்தின் விடுப்பும்

காரைக்காலில் எந்த வீட்டில் என்ன சமையல் என்பது எட்டுக்கால் முசேக்குத் தெரியாது. தன் வீட்டுச் சமையலே சாப்பாட்டுத் தூக்கைத் திறந்த பிறகுதான் தெரியும். ஆனால் எங்கள் அலுவலகச் சுவரில் இருந்த ஒவ்வொரு எட்டுக்கால் பூச்சியும் காலையில் என்ன சாப்பிட்டது, எதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது, எதைப் பாதியில் வைத்துவிட்டுப் போனது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்தியாவில் இப்படி ஒருவர்தான் இருந்தார் என்று அடித்துச் சொல்வேன். இரண்டு பேர் இருந்திருந்தால் நாடு தாங்கியிருக்காது.

எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே தட்டச்சராகச் சேர்ந்தேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். எனக்கு வேண்டியவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கட்டடம். எட்டாத உயரத்தில் கூரை, ஆள் உயரச் சன்னல்கள், பின்பக்கம் நீளமான ஓர் ஆவண அறை. யார் யாருக்குப் பிறந்தார், யாரை மணந்தார், எந்த நிலத்தை யாருக்கு விற்றார் என்பதெல்லாம் அந்த அறையில் தடித்தடியான பதிவேடுகளாக அடுக்கி இருந்தது. அதற்குப் பொறுப்பாளர் நம்மவர். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான் என்பதால் 'முசே'. பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறும்போது எங்கள் ஊரில் விட்டுவிட்டுப் போன மரியாதை வார்த்தை அது. 'எட்டுக்கால்' அவரே உழைத்துச் சம்பாதித்தது. சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

முதல் நாள் சன்னலோரம் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"தம்பி, அங்க உக்காராதீங்க," என்றார் முசே.

"ஏங்க, யாராவது வருவாங்களா?"

"பத்தரைக்கு வரும். அந்தச் சன்னல் சட்டத்து வழியாத்தான் வேட்டைக்குப் போவும். சரி, உக்காந்துட்டீங்க, இருங்க. ஆனா மேல ஈ உக்காந்தா விரட்டாதீங்க."

நான் பத்தே முக்கால் வரை ஈயோடு உட்கார்ந்திருந்தேன். வேலை நிரந்தரமாக வேண்டுமே என்ற பயம்.

வலை கட்டுகிற சிலந்திகளை முசே மதிக்கவே மாட்டார். "அது கடைய விரிச்சுட்டு உக்காந்திருக்கு தம்பி. வந்தா யாவாரம், வராட்டி தூக்கம். நம்ம ஆளுங்க அப்படி இல்ல. தேடிப் போயி, பாத்து, பிடிச்சு, உழைச்சுச் சாப்பிடுறவங்க." நம்ம ஆளுங்க என்று அவர் சொன்னது இரண்டு வகை. ஒன்று, சன்னலில் திரிகிற உளுத்தம்பருப்பு அளவுக் குட்டி. அது ஈயைக் கண்டால் பூனை மாதிரிப் பதுங்கிப் பதுங்கிப் போய்த் தாவும். மற்றது, ஆவண அறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிறப் பெரியது. முன்னதைப் பார்த்தால் சிரிப்பு வரும், பின்னதைப் பார்த்தால் விடுப்பு எடுக்கத் தோன்றும்.

குட்டி, செத்த ஈயைத் தொடாது. முசே இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார். செத்த ஈயை எதிரே வைத்தால் அது ஏறி மிதித்துக்கொண்டு போய்விடும். அதே ஈயைத் தையல் நூலில் கட்டி மெல்ல இழுத்தால், ஒரே பாய்ச்சல். "அசையறதத்தான் அது சாப்பாடுன்னு ஒத்துக்கும் தம்பி," என்பார். அந்த விதிப்படி பார்த்தால் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை எங்கள் அலுவலகத்தில் ஒருவரையும் அது தொட்டிருக்காது.

மாங்கனித் திருவிழா முடிந்த வாரம் முசேக்குத் தீபாவளி. சாமி ஊர்வலத்தில் தேரடி முதல் கடைத்தெரு வரை இறைத்த மாம்பழமெல்லாம் மிதிபட்டுக் கிடக்க, ஊர் முழுக்க ஈ. நாங்கள் விசிறியோடு அலைவோம். அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை தெரியும். அப்படி ஒரு வாரத்தில் எங்கள் தலைமை எழுத்தரின் வழுக்கையில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. அவர் கையைத் தூக்கினார்.

"அசையாதீங்க சார்!" என்று முசே போட்ட சத்தத்தில் வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூட அசையாமல் நின்றார்கள். அலமாரி விளிம்பிலிருந்து குட்டி தாவியது. ஈயோடு தலைமை எழுத்தரின் நெற்றி வழியாக இறங்கி, மூக்கில் சற்று நின்று, நூல் விட்டுக் கோப்பின் மேல் குதித்துப் போனது. "ரொம்ப நன்றி சார், நல்லா ஒத்துழைச்சீங்க," என்றார் முசே. தலைமை எழுத்தர் அன்று அரை நாள் விடுப்பு.

சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் அதோடு கெட்டான். நான் ரசம் ஊற்றிப் பிசையும்போது சொன்னார்: "நாம நெனைக்கிற மாதிரி அது கடிச்சுத் திங்கிறதில்ல தம்பி. பல்லு பதிச்சு மருந்து ஏத்தும். உள்ள இருக்கிறதெல்லாம் கரைஞ்சு ரசமாயிடும். அப்புறம் உறிஞ்சும். தோலு மட்டும் மிஞ்சும்." நான் ரசத்தைப் பார்த்தேன். "வேண்டாமா? இங்க தள்ளுங்க," என்றார். பல காலம் அந்த அலுவலகத்தின் ரசம் முழுவதும் அவர் ஒருவர் தயவில்தான் காலியானது.

இத்தனை கேலிக்கு நடுவிலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் பதிவேடுகளில் ஓர் ஓட்டை கிடையாது. மற்ற இடங்களில் கரப்பானும் இராமபாணப் பூச்சியும் அட்டை ஒட்டிய பசையைத் தின்று, தாளைத் தின்று, பாட்டன் பெயரையும் தின்றுவிடும். எங்கள் ஆவண அறையில் அந்த இரண்டையும் பழுப்புப் பெரியவர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். முசே தினமும் காலையில் அடுக்குகளுக்குக் கீழே குனிந்து, உதிர்ந்து கிடக்கும் இறக்கை, கால், ஓடு எல்லாவற்றையும் ஒரு தாளில் பொறுக்குவார். இதற்கு 'இலை எடுப்பது' என்று பெயர். இலையைப் பார்த்தே யார் என்ன சாப்பிட்டார் என்று கண்டுபிடித்து ஒரு பழைய நோட்டில் எழுதுவார். நான் ஒருமுறை திருட்டுத்தனமாகப் பிரித்துப் பார்த்தேன்.

"தெற்குச் சுவர்: கரப்பான், இளசு, முழுதும். எறும்பு வைத்தது: தொட்டதும் காலை உதறிக்கொண்டது. நாற்றப் பூச்சி: கவ்வியது, உடனே போட்டுவிட்டது, பிறகு வெகுநேரம் வாயைத் துடைத்துக்கொண்டது. வடக்குச் சுவர் மரகதம்: தன்னைவிடப் பெரிய கரப்பானைப் பார்த்தாள், யோசித்தாள், வேண்டாம் என்று திரும்பிவிட்டாள். புத்திசாலி."

இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. மரகதம் என்பது அங்கே இருந்ததிலேயே பெரியது. கல்யாணப் பதிவேடுகளுக்குப் பின்னால் குடியிருப்பு.

அப்படி இருக்கும்போது பாண்டிச்சேரியிலிருந்து புது அதிகாரி வந்தார். நல்ல மனிதர், ஆனால் சுத்தக்காரர். மேசையில் பேனா கோணலாக இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டு அதை நேராக்குவார். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்ததும், "ஆவண அறையில் உள்ள பூச்சிகள் அனைத்தையும் ஒழிக்க மருந்து அடிக்கவும்" என்று உத்தரவு போட்டார். முசே அதை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனார். நான் கடிதத்துக்குக் கையெழுத்து வாங்க அங்கேதான் நின்றிருந்தேன்.

"சார், பூச்சிக்கு ஆறு காலு. நம்ம ரூம்ல இருக்கிறதுக்கு எட்டு. இந்த உத்தரவுல அது வராதுங்க."

"எட்டுக்கால் பூச்சின்னு பேர்லயே பூச்சி இருக்கேய்யா?"

"கடல்குதிரைக்குப் பேர்ல குதிரை இருக்கு சார். ஏறி உக்காந்து திருமலைராயன்பட்டினம் போக முடியுமா?"

அதிகாரி பேனாவை நேராக்கினார். "அடுத்த திங்கள் மருந்து அடிக்கணும். போங்க."

முசே வெளியே வந்து என் மேசையில் சாய்ந்தார். அவர் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை. மரகதம் முட்டைப் பை கட்டிவிட்டதாம். ஒரு ரூபாய் அகலத்துக்குத் தட்டையான வெள்ளைப் பை. அதை வயிற்றோடு அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறாளாம். "மூணு நாளா பட்டினி தம்பி. இளசு கரப்பானா பாத்து வச்சேன், தலையத் திருப்பிக்கிச்சு. குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் மூணு வாரத்துக்கு ஒண்ணும் தொடாது. இந்த நேரத்துல மருந்து அடிச்சா என்னாவறது?"

பிறகு ஒரு தாளை நீட்டினார். "இத மட்டும் அடிச்சுக் குடுங்க. ஒரு எழுத்து பொய் இல்ல."

உண்மைதான், ஓர் எழுத்து பொய் இல்லை. "ஆவண அறையில் நெடுநாளாக ஓய்வின்றிப் பணியாற்றிவரும் மரகதம் தற்சமயம் பிரசவ நிலையில் இருப்பதாலும், அசையக்கூடாத உடல்நிலையில் இருப்பதாலும், மருந்து நெடி ஆகாது என்பதாலும், மூன்று வாரத்துக்கு அவ்வறையில் மருந்து அடிப்பதை நிறுத்திவைத்து உதவும்படி வேண்டுகிறேன்." நான் உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்து முடித்தேன்.

அதிகாரி வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஊழியர் பெயர்கள் பாதி தெரியாது. படித்ததும் பதறிப்போனார்.

"இந்த நேரத்துல எதுக்குய்யா அவங்க வேலைக்கு வர்றாங்க?"

"பழகின இடம் சார். லீவு குடுத்தாலும் அத விட்டு நகர மாட்டா. வேற எடத்துக்கு மாத்தினா தாங்காது."

"மூணு வாரம் என்ன கணக்கு? விதின்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று சொல்லி, மூன்று வாரத்தை அடித்துவிட்டு, "விதிப்படி மூன்று மாதம் பிரசவ விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. அதுவரை மருந்து அடிக்க வேண்டாம்" என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார். முசே கும்பிட்டுவிட்டு வந்தார். அவர் சந்தோஷத்தைப் பார்த்து, குழந்தை அவருக்கே பிறக்கப்போகிறதோ என்று நினைத்தேன்.

இதை இப்படியே விட்டிருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். கெடுத்தது என் வாய்.

பத்து நாள் கழித்து அதிகாரி ஒரு பையோடு என் மேசைக்கு வந்தார். உள்ளே ஒரு புட்டி பிரசவ லேகியமும், மஞ்சள் பூப்போட்ட ஒரு குட்டிச் சட்டையும். "வீட்ல சொன்னேன். அவங்களே உக்காந்து தைச்சாங்க. மரகதம் வீடு எங்கய்யா? குடுத்து விடணும்," என்றார். அந்தச் சட்டைக்கு இரண்டு கைதான் இருந்தது. பாக்கி ஆறை எங்கே நுழைக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவுதான். அடக்க முடியாமல் சிரித்து, கண்ணில் நீர் வந்து, மேசையைத் தட்டி, "சார், மரகதத்துக்கு எட்டுக் காலு சார்!" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். பையை என் தட்டச்சுப் பொறிமேல் வைத்தார். "அந்த ஆளை ஏனாமுக்கு மாத்தச் சொல்லிப் பாண்டிக்கு எழுதணும். நாளைக்குக் காலைல முதல் வேலை," என்று அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் பிரதேசத்தின் வரைபடம் ஒரு விசித்திரம். பாண்டிச்சேரி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில். எங்கள் ஊர் ஊழியரைப் பயமுறுத்த வேறு ஒன்றும் வேண்டாம், ஏனாம் என்று சொன்னால் போதும். ஏனாமில் இருப்பவர்களுக்குக் காரைக்கால் என்று சொல்வார்களாக இருக்கும்.

சாயங்காலம் அந்தப் பையை முசேயிடமே சேர்த்துவிட்டு மன்னிப்புக் கேட்கச் சைக்கிளில் கோவில்பத்துக்குப் போனேன். சின்ன ஓட்டு வீடு. கூடத்தில் முசே மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்து அந்த நோட்டை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே அவர் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"யாருங்க அது, சைக்கிள் சத்தம் புதுசா இருக்கு?" என்று கேட்டவர், என் பக்கம் பார்க்காமல் கொஞ்சம் தள்ளி வாசற்கதவைப் பார்த்தார். அப்போதுதான் புரிந்தது. அந்த அம்மாவுக்குக் கண் பார்வை போய்விட்டது.

எழுந்து அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். ஒரு சுவரைக்கூடத் தொடவில்லை. தூணருகே வந்ததும் தானாக ஒதுங்கினார், நிலைப்படியில் தானாகக் கால் தூக்கினார். டம்ளர் நேராக என் கைக்கு வந்தது. "ஆபீஸ்ல எல்லாரும் கேலி பண்றாங்களாமே தம்பி? பண்ணட்டும். எனக்குக் கதை கெடைக்குது. கண்ணு போனதுக்கப்புறம் ஊர்ல யார் வீட்டுல என்ன நடக்குதுன்னே தெரியல, அதான் செவத்துல இருக்கிறவங்க கதையச் சொல்லுங்கன்னேன். மரகதம்னு நான்தான் பேரு வச்சேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "இன்னைக்காவது ஏதும் சாப்பிட்டாளாங்க?"

"இல்ல. இன்னும் எட்டு நாளாவும்."

"பாவம். பழகின எடமா இருக்கப்போயி தாங்குறா."

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். முசே என்னை வழியனுப்ப வாசல் வரை வந்தார். "ஏனாம் சமாச்சாரம் அவகிட்ட இன்னும் சொல்லல," என்றார் மெதுவாக. "இந்த வீட்டுக்குள்ள அவளுக்குக் கண்ணு தெரியும் தம்பி. படி தாண்டினாத்தான் தெரியாது. அங்க போனா மறுபடியும் மொதல்லேருந்து குருடாவணும்."

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் நிம்மதியாகச் சைக்கிள் மிதித்திருப்பேன். அரசலாற்றுப் பாலம் ஏறும்போது என்னை நானே திட்டிக்கொண்டேன், அது போதவில்லை.

மறுநாள் காலை அதிகாரி சொல்லச் சொல்ல அடித்தேன். 'மேற்படி ஊழியரை ஏனாமுக்கு மாற்றும்படி' என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன்.

"காரணம் என்னன்னு போடட்டுங்க சார்?"

"மேலதிகாரியை ஏமாத்தினார்னு போடுங்க."

"எப்படி ஏமாத்தினார்னு கேப்பாங்க சார். மனுவை இணைக்கணும்."

"இணைங்க."

"மனுவிலேயே உங்க உத்தரவும் இருக்கு சார். படிக்கிறேன்." தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தேன். "விதிப்படி மூன்று மாதம் பிரசவ விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. கீழே உங்க கையெழுத்து. மனுதாரர் கேட்டது மூணு வாரந்தான் சார். எட்டுக்கால் பூச்சிக்கு மூணு மாசம்னு திருத்தினது..."

அதிகாரி பேனாவை நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

"அதை விட்டுட்டு அனுப்ப முடியாதா?"

"இணைப்பு இல்லாம அனுப்பினா திருப்பி அனுப்புவாங்க சார். இணைச்சு அனுப்பினா..." பாண்டிச்சேரி அலுவலகத்தில் எத்தனை மேசை இருக்கிறது என்பது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மேசையிலும் அந்தத் தாளை எப்படிப் படிப்பார்கள் என்பதை அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நான் விடவில்லை. முசே வீட்டு அம்மாவைப் பற்றியும் சொல்லிவிட்டேன், தூணருகே அவர் தானாக ஒதுங்கியது வரைக்கும்.  பொறியிலிருந்த தாளை அதிகாரியே உருவி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சொன்னபடி எட்டாம் நாள் குஞ்சுகள் வந்தன. முசே ஓடிவந்து அதிகாரியையே கூப்பிட்டார். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்ததோ! அதிகாரி தயங்கித் தயங்கி ஆவண அறைக்குள் போய், முசே காட்டிய இடத்தில் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பையைச் சுற்றி, கடுகை இறைத்த மாதிரி, நூற்றுக்கணக்கில் நகர்ந்துகொண்டிருந்தன. மரகதம் மெலிந்துபோய் நடுவில் இருந்தாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு சட்டைதான்யா தைச்சுக் குடுத்தாங்க," என்றார்.

ஆய்வுக்கு வந்தவர்களிடம் காட்டிய அறிக்கையில் அவரே ஒரு வரி எழுதினார்: "ஆவண அறையில் பூச்சிகள் எவையும் இல்லை. எட்டுக்கால் உள்ளவை பூச்சிகள் ஆகா." மரகதம் மூன்று மாத விடுப்பை முழுதாக எடுத்துக்கொள்ளவில்லை. குஞ்சுகள் வந்த மறுநாளே ஓர் இளசு கரப்பானோடு வேலையில் சேர்ந்துவிட்டதாக நோட்டில் இருக்கிறது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து எனக்கு மகள் பிறந்தாள். தொட்டில் போட்ட அன்று முசே மனைவியைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். எங்கள் தெருவுக்கு அந்த அம்மா வந்தது அதுதான் முதல் தடவை. ஒவ்வோர் அடிக்கும் அவர் பிடி இறுகியதை நான் பார்த்தேன். முசே மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அதே மஞ்சள் பூச்சட்டை, மடிப்புக் கலையாமல். பிறகு தொட்டிலுக்குள் குனிந்து கையையும் காலையும் விரலால் எண்ணினார்.

"நாலுதான் இருக்கு," என்றார். "பரவாயில்ல, அழகா இருக்கா."

அந்த அம்மா குழந்தையின் முகத்தைத் தடவிப் பார்த்து, "பேரு என்னங்க தம்பி?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் ஒரு பெயர் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. சாமி பெயர், உறவுக்கெல்லாம் சொல்லியும் ஆயிற்று. ஆனால் என் வாய் இரண்டாவது தடவையாக என்னை முந்திக்கொண்டது.

"மரகதம்," என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. முசே சட்டென்று தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். ஏதோ இருக்கிறதாக்கும் என்று நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கண்ணை மறைக்க அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.